குரல் கொடுக்கிற அக்கா

கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். அக்காவின் கொள்கை அவ்வளவுதான். யார் கூப்பிட்டது, எதற்குக் கூப்பிட்டது, தன்னைத்தான் கூப்பிட்டதா என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, வோபர்ன் என்ற பகுதியில் நாங்கள் ஒரே அடுக்குமாடியில் பதினொரு வருடம் இருந்தோம். நான்காம் மாடி நடையில் யாராவது யாரையாவது கூப்பிட்டால் முதலில் திறக்கும் கதவு அவருடையதுதான். "ஓம்... வாறன்" என்று குசினிக்குள் இருந்தே சத்தம் வரும். பிறகு மா ஒட்டிய கையோடு தலையை நீட்டுவார். "என்னை இல்லையோ? பறவாயில்லை. ஆரைத் தேடுறியள்?" தேடுகிற ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்காமல் உள்ளே போகமாட்டார்.

அவர் எனக்கு உறவு இல்லை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அதனால் அக்கா. நான் அவருக்குத் தம்பி. தலை முழுக்க நரைத்து, ஓய்வும் பெற்ற பிறகும் தம்பிதான். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருடைய மகன் வாசிக்கக்கூடும். அவனுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை நான் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டு டக்ற், அதாவது சூட்டுக் காற்று வரும் குழாய், துப்புரவாக்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டு இந்த ஊரில் எல்லோருக்கும் போன் வரும். நான் "ஹலோ" என்ற சத்தத்திலேயே வெட்டிவிடுவேன். அக்கா முழுவதையும் கேட்பார். கேட்டுவிட்டு, தான் இருப்பது அடுக்குமாடி, தனக்கு டக்ற் இல்லை என்று தன்னுடைய ஆங்கிலத்தில் நிதானமாக விளக்குவார். பிறகு எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பு தொடங்கும். கடைசியில் அந்தப் பக்கத்து ஆள்தான் தப்பினோம் பிழைத்தோம் என்று வைத்துவிட்டு ஓடுவான்.

"உவங்களோட என்னக்கா உங்களுக்குக் கதை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலமை தொடக்கம் எத்தினை பேருக்கு அடிச்சிருப்பான். எல்லாரும் படாரெண்டு வைச்சிருப்பினம். ஒராளாவது ஓம் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போவம்?"

ஒரு கோடையில் லிஃப்ற் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஆறாம் மாடியில் இருந்த வயதான சீனப் பெண்மணி, தனியாக. அவர் தன் மொழியில் கத்த, அக்கா கதவுக்கு வெளியே நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு தமிழில் பதில் சொன்னார். "ஓம் அம்மா, நான் இஞ்சைதான் இருக்கிறன். வருவினம். பயப்பிடாதையுங்கோ." அவர் ஏதோ கேட்பார், இவர் ஏதோ சொல்வார். திருத்துகிற ஆள் வந்து சேர ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. அதுவரைக்கும் அக்கா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவர் அடுப்பில் வைத்திருந்த பருப்பு அடிப்பிடித்து, புகை மணி அலறி, அதை நிறுத்த நான்தான் மேசையில் ஏறினேன். கதவு திறந்ததும் அந்தப் பெண்மணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர்களுடைய அடுத்த பெருநாளுக்கு எங்கள் மாடிக்கு ஒரு பெட்டி தோடம்பழம் வந்தது.

பிறகு மகன் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி அக்காவையும் கூட்டிக்கொண்டு போனான். நல்ல பிள்ளை, நல்ல மருமகள், பெரிய வீடு. காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் போய்விட்டால், மாலை வரைக்கும் அக்காவும் ஃபிரிட்ஜின் முனகலும்தான். கார் இல்லாமல் ஒரு பால் பெட்டிகூட வாங்க ஏலாத இடம். அயல் வீடுகளிலும் பகலில் ஆள் இருக்காது. தாய்க்குத் தொல்லை வேண்டாம் என்று மகன் தெரியாத நம்பர்கள் வராமல் போனில் தடுப்பும் போட்டுக் கொடுத்தான். டக்ற்காரர்களும் இல்லாமல் போனார்கள்.

"ஒருதரும் கூப்பிடுகினம் இல்லைத் தம்பி" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பை நான் நம்பிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு றேடியோப் பைத்தியம் பிடித்தது. கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்று, வீட்டுக்குள் என் மனுசியின் காலுக்குள் இடறிக்கொண்டு திரிந்த காலம். "எங்கையாவது தொலைஞ்சு போங்கோவன்" என்றாள் அவள். கையடக்கமான சீன றேடியோ ஒன்றை வாங்கினேன். நாலு பேர் கொத்துரொட்டி சாப்பிடுகிற காசு. வாங்கிக் கேட்பதற்கு ஒருவரிடமும் அனுமதி எடுக்கத் தேவையில்லை, பேசுவதற்கு மட்டும் ஒரு சோதனை எழுத வேண்டும். நூறு கேள்விகள். பாஸ் பண்ணினால் உங்களுக்கென்று ஒரு கோல் சைன் தருவார்கள். எழுத்தும் இலக்கமும் கலந்த அந்தப் பெயர் உலகத்தில் இன்னொருவருக்குக் கிடையாது. சின்ன றேடியோவின் சத்தம் தூரம் போகாது. அதனால் உயரமான கோபுரங்களில் ரிப்பீற்றர் என்ற பெட்டியை வைத்திருக்கிறார்கள். அது உங்கள் மெல்லிய குரலை வாங்கி, பலமாகத் திருப்பி விடும். இவ்வளவும் தெரிந்தவுடன் நான் என்னை ஒரு விஞ்ஞானி என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

அதைக் காட்டத்தான் ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன். அக்கா எட்டி நின்று பார்த்தார்.

"உது வோக்கிரோக்கியெல்லே? உதை வைச்சிருந்தா ஆமி பிடிச்சுக்கொண்டு போகாதோ?"

"இஞ்சை லைசென்ஸே தருவாங்களக்கா."

காலை பத்து மணி. ஓய்வு பெற்றவர்கள் ரிப்பீற்றரில் கூடும் நேரம். ஒரு முதியவர் நடத்துநராக இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் வந்து இரண்டு வார்த்தை பேசுவார்: முழங்கால் வலி, பனி, பேரப்பிள்ளை, புது அன்ரெனா. பிறகு அடுத்தவர். அக்கா கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். தேநீர் ஆறிப்போனது.

"இது எங்கட வேலிக் கதையெல்லே தம்பி" என்றார். "செல்லடி ஓய்ஞ்ச உடன வேலிக்கு மேலால அடுத்த வீட்டைக் கூப்பிடுவம். அவையள் குரல் குடுத்துப்போட்டு, தங்களுக்கு அங்காலை இருக்கிறவையைக் கூப்பிடுவினம். அப்பிடியே ஒழுங்கை முடியும்வரைக்கும் போகும். ஒரு வீட்டில சத்தம் வராட்டி எல்லாரும் அங்க ஓடுவம்."

யுத்தகாலத்துக் கதை என்றாலும் அதை அவர் சோகமாகச் சொல்லவில்லை. சமையல் முறை சொல்வதுபோலச் சொன்னார். அன்றைக்கே சோதனைப் புத்தகத்தைக் கேட்டார்.

பேத்தியின் மஞ்சள் பேனையால் கோடு போட்டுப் போட்டுப் படித்தார். வெங்காயம் வெட்டிக்கொண்டே "அல்ஃபா, பிராவோ, சார்லி" என்று எழுத்துகளைப் பாடமாக்கினார். மின்சாரப் பாடத்தில் வரும் ஓமின் விதி மட்டும் கடைசிவரைக்கும் மண்டைக்குள் போக மறுத்தது. "அது கிடக்கட்டும், மிச்சத்தில எடுக்கிறன்" என்றார். எடுத்தார். முதல் தரத்திலேயே பாஸ். சோதனை வைத்த தொண்டர் கை கொடுத்தபோது அக்காவின் கண் கலங்கியது. வேலைக்கும் பிள்ளைகளுக்குமாக ஓடிய மனுசிக்கு இந்த நாட்டில் தன் பெயரில் கிடைத்த முதல் சேர்ட்டிபிக்கட். கோல் சைனை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார்.

அவருக்கு ஒரு றேடியோ நானே வாங்கி, அலைவரிசைகளை நானே போட்டுக் கொடுத்தேன். பிழையும் நானே விட்டேன்.

ரிப்பீற்றருக்குப் பூட்டு ஒன்று உண்டு. நாங்கள் பேசும்போது எங்கள் றேடியோ, காதில் விழாத ஒரு மெல்லிய ரீங்காரத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதை ரோன் என்பார்கள். ரோன் பிழை என்றால் தொண்டை கிழியக் கத்தினாலும் பெட்டி திறக்காது. ஆனால் கேட்பதற்கு ரோன் தேவையில்லை. கொம்பியூட்டரில் பட்டியல் போட்டுக் கேபிளால் றேடியோவுக்கு ஏற்றும்போது, ரோன் எண்கள் இருந்த நிரலை நான் ஒரு வரி கீழே இறக்கி ஒட்டிவிட்டேன். ஒவ்வொரு கோபுரத்தின் பூட்டுக்கும் வேறு கோபுரத்தின் திறப்பு. குசினிக்குள் இருந்துகொண்டு என்னுடைய றேடியோவில் இருந்து அவருடையதுக்கு நேரடியாகப் பேசிப் பார்த்தோம். வடிவாக வேலை செய்தது. அதற்குக் கோபுரமும் தேவையில்லை, ரோனும் தேவையில்லை. "எல்லாம் ஓகே" என்றேன். பட்டனை விட்டதும் கோபுரத்தில் இருந்து ஒரு சின்னக் கிளிக் சத்தம் திரும்பி வரும். வராவிட்டால் நாங்கள் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதை அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் மறந்தேன்.

"நீர் முந்திப்போய் அவையளுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார் அக்கா. "நானே கூப்பிட்டு நானே ஆரெண்டு சொல்லுவன்."

நடத்துநர் எல்லோரையும் முடித்த பிறகு, "இன்னும் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டு ஐந்தாறு செக்கன் பொறுப்பார். புதியவர்கள் அந்த இடைவெளியில்தான் கூப்பிட வேண்டும். நான் வீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இடைவெளியில் ஒன்றுமே இல்லை. நடத்துநர் நன்றி சொல்லி முடித்தார். அக்காவுக்குத் துணிவு வரவில்லைப் போல என்று நினைத்தேன். உண்மையில் அந்த இடைவெளியில் அக்கா கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு கிழமை கழித்துப் போன் எடுத்தேன். "என்னக்கா, கூப்பிடேல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் கூப்பிடுறனான் தம்பி. அவையள் தங்கட கதையில இருக்கினம் போல."

அந்த இடத்திலாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் புத்திமதி சொல்லத் தொடங்கினேன். பட்டனை அமர்த்திவிட்டு ஒரு செக்கன் பொறுத்துப் பேசுங்கோ என்றேன். அன்ரெனாவை நிமிர்த்திப் பிடியுங்கோ, மேல் மாடி ஜன்னலடிக்குப் போங்கோ என்றேன். ஒவ்வொன்றையும் செய்தார். மூட்டுவலியோடு படியேறி, ஜன்னலைத் திறந்து, ஐப்பசிக் குளிரில் தலையை வெளியே நீட்டியும் கூப்பிட்டிருக்கிறார். மருமகள் பிறகு சொன்னாள். எல்லாம் முடிந்து, சொல்ல வேறொன்றும் இல்லாதபோது நான் இப்படிச் சொன்னேன்:

"உங்கட இங்கிலீசைக் கொஞ்சம் ஆறுதலா, நிறுத்தி நிறுத்திக் கதைச்சுப் பாருங்கோவன்."

"ஓம், அதுவாத்தான் இருக்கும்" என்றார்.

என் வாயில் இருந்து வந்த எத்தனையோ மடத்தனமான பேச்சுகளை மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் அவர் கேட்பதையோ கூப்பிடுவதையோ விடவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோரையும் அவருக்குத் தெரியும். பெயர் நினைவில் நிற்காததால் பட்டம் வைத்திருந்தார்: முழங்கால்காரர், தக்காளிக்காரர், பூனைக்காரர். ஒருநாள் அவராகவே போன் எடுத்தார்.

"பூனைக்காரர் ரெண்டு நாளாக் குரல் குடுக்கேல்லை. தனிய இருக்கிற மனிசன். நீர் ஒருக்கா அவையளிட்டைக் கேளும்."

கேட்டேன். பக்கத்தில் இருந்த ஒருவர் போய்ப் பார்த்தபோது பூனைக்காரர் குளியலறையில் விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தார். அம்புலன்ஸ் வந்தது, ஆள் தப்பினார். அடுத்த நாள் காலை முழுக்க எனக்குப் பாராட்டு. கவனிப்பான மனிதர் என்றார்கள். கவனித்தது வேறு ஒருவர் என்று நான் சொல்லவில்லை. அக்கா தானே அறிமுகமாகட்டும் என்று விட்டேன் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெருமைப் புழுகத்தில் எங்கள் தமிழ் முதியோர் கூட்டத்தில் ஒரு பேச்சும் கொடுத்தேன். ஓய்வு காலத்துக்கு மலிவான பொழுதுபோக்கு என்று தலைப்பு. நான் போட்டுத்தருகிற றேடியோவில் பிழை வராது என்று மேடையில் சொன்னேன். எட்டுப் பேர் றேடியோ வாங்கி என்னிடம் தந்தார்கள். அவற்றுக்கு அலைவரிசை போடுவதற்குப் அக்காவுக்குப் போட்ட பழைய பட்டியலைக் கொம்பியூட்டரில் திறந்தேன். ரோன் நிரல் ஒரு வரி இறங்கிக் கிடந்தது.

காது சுட்டது. ஏறக்குறைய இரண்டரை மாதம், ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு, அந்த மனுசி பூட்டின கதவுக்கு முன்னால் நின்று கூப்பிட்டிருக்கிறது. திறப்பை மாற்றிக் கொடுத்தவன் போனில் இருந்து, உன் ஆங்கிலம் சரியில்லை என்று சொல்லியிருக்கிறான்.

அந்த எட்டையும் சரியாகப் போட்டுக் கொடுத்தேன். அக்காவுக்குப் போன் எடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று கிழமை போனது. பனி கொட்டுகிறது, நெடுஞ்சாலை வழுக்கும், காருக்குப் பனிக்காலச் சக்கரம் மாற்ற வேண்டும். சாட்டுச் சொல்வதில் நான் கெட்டிக்காரன். அக்காவுக்கு உண்மையைச் சொன்னால் அவர் மகனுக்குச் சொல்வார், மகன் சிரித்துக்கொண்டே நாலு பேருக்குச் சொல்வான், பிழை வராது என்று மேடையில் அடித்த பெருமை காற்றோடு போய்விடும். காரணம் இவ்வளவுதான். எழுதும்போது கூசுகிறது.

கடைசியில் போனேன். கேபிளும் மடிக்கணினியும் காருக்குள் இருந்தன. பத்து நிமிட வேலை. கதவைத் திறந்த அக்கா என்னை இருத்தி, தேநீர் தந்து, பிறகு உள்ளே போய் றேடியோப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சார்ஜர் வயரைச் சுற்றி இறப்பர் வளையம் போட்டிருந்தார். ஃபிரிட்ஜைப் பார்த்தேன். கோல் சைன் ஒட்டியிருந்த இடத்தில் பேரனின் ஹொக்கி அட்டவணை தொங்கியது.

"எனக்கு உது சரிவராது தம்பி. ஆருக்கும் தேவையெண்டால் குடுத்துவிடும்."

"ஏனக்கா..."

"அவையளில பிழையில்லை" என்றார் அவசரமாக. "நல்ல மனிசர். பூனைக்காரருக்கு எப்பிடி ஓடிப்போச்சினம். என்ர சத்தம் அவையளுக்குக் கேட்டிருக்கும். என்ன சொல்லுறன் எண்டு விளங்கேல்லைப் போல. விளங்காட்டி ஆக்கள் பேசாமல்தானே இருப்பினம்."

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் ஒரு வசனம் போதும்: அக்கா, பிழை என்னிலை. அவர் என்னை அடித்திருக்க மாட்டார். "சரி, அதுக்கென்ன, திருத்தித் தாரும்" என்றுதான் சொல்லியிருப்பார். அடுத்த நாளே பத்து மணிக்குக் கூப்பிட்டிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"பறவாயில்லை அக்கா" என்றேன். "உது எல்லாருக்கும் சரிவாற விஷயம் இல்லைத்தானே."

"ஓம் ஓம்" என்று சொல்லி, எனக்கு இன்னொரு வடையை வைத்தார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து காரின் பின்சீற்றில் கேபிளுக்குப் பக்கத்தில் போட்டேன். வீடு வரும்வரைக்கும் வானொலியைக்கூடப் போடவில்லை.

பங்குனியில் அக்கா போய்விட்டார். மாரடைப்பு. பகல் நேரம், வீட்டில் ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடத்தால் வந்த பேத்திதான் கண்டது. சவச்சாலையில் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், உங்களாலதான் அம்மா கடைசிக் காலத்தில கொஞ்சம் சந்தோசமா இருந்தவா" என்று அழுதான். நான் அவனுடைய தோளைத் தட்டினேன். வேறு என்ன செய்ய?

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோல் சைன் வைத்திருந்த ஒருவர் இறந்துவிட்டால், காலைச் சந்திப்பில் அந்தக் கோல் சைனை ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக இருப்பார்கள். அதையாவது அக்காவுக்குச் செய்ய வேண்டும், செய்யும்போது நடந்ததையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். எட்டாம் நாள் காரியம் முடிந்த அடுத்த நாள், நடத்துநர் கூப்பிட்டபோது பட்டனை அமர்த்தி அவருடைய கோல் சைனை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். ஸ்ரௌவ்வில்லில் இருந்த என் அக்கா என்றேன். மாதக்கணக்காக உங்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் என்று சொல்ல நினைத்து, அதைச் சொல்லாமல் பட்டனை விட்டேன்.

மௌனம் முடிந்தது. நடத்துநர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், எண்பதைத் தாண்டியவர்.

"இந்தக் கோல் சைனை நான் ஒருநாளும் கேட்டதில்லையே" என்றார் ஆங்கிலத்தில். "இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறார். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் பதில் சொல்லியிருப்போம். ஏன் அவர் கூப்பிடவே இல்லை?"

கேட்டுவிட்டு, எனக்காகப் பொறுத்திருந்தார். கோபுரம் திறந்திருந்தது. அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பட்டனை அமர்த்தினேன்.

"அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றேன்.